நல்லெண்ணெய் உறையாது

வாசல் கதவைத் திறந்ததும் ஜெயக்கனியின் கண் தன் காருக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டு பெலிக்ஸின் டாக்ஸிக்குத்தான் போயிற்று. ஜெயித்தவளுக்குத் தோற்றவன் நிலைமையைப் பார்த்தால்தானே ஜெயித்த மாதிரி இருக்கும். டாக்ஸி முழுக்க வெள்ளை. கூரை வெள்ளை, பானெட் வெள்ளை, முன்கண்ணாடிக்கு அவன் ராத்திரி போர்த்திவிட்ட பழைய கம்பளிகூட விறைத்துப்போய்ப் பெரிய அப்பளமாகக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. தை பிறந்தால் ஊட்டிக்கு இதுதான் விடியல். புல்லெல்லாம் உப்புப் பூத்து, குழாயில் தண்ணீர் வராமல், வாயைத் திறந்தால் புகை. சுற்றுலா வந்தவர்கள் குல்லாவை மாட்டிக்கொண்டு உறைபனியைப் படம் பிடிக்க ஓடுவார்கள். வண்டி வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் தன் காரைப் பார்த்தாள். கூரையில் பனி இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும், கூரை வழியாகவா ரோட்டைப் பார்க்கப் போகிறோம். முன்கண்ணாடி கறுப்பாக, ஈரமாக, பனியில்லாமல் இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொடி. விரலால் தொட்டாள், வழுக்கிக்கொண்டு விழுந்தது. "பாத்துக்கோ" என்றாள் வாய்விட்டு, ஆளில்லாத தெருவிடம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் ஆளாளுக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அட்டைப்பெட்டியைக் கிழித்து வைக்கிறவர், சாக்கு போடுகிறவர், உப்புத் தண்ணீர் தெளிக்கிறவர். கீழ்த்தெருவில் ஒருவர் போன வருஷம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றி, கண்ணாடி படீரென்று குறுக்கே பிளந்து, அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. இவர்களில் ஒருத்தருக்காவது குளியலறை அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றியதா? இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் மெழுகுவர்த்தியாகிவிடும், பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. பக்கத்திலேயே நிற்கிற நல்லெண்ணெய்? சாய்த்தால் ஓடும். நல்லெண்ணெய் உறையாது. உறையாததைப் பூசினால் பூசிய இடமும் உறையாது. இதற்குப் பெரிய யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது. விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் மகளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் பிறந்த வீட்டுக்கே அசிங்கம்.

காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். என்ஜின் இரண்டு தரம் செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. உறுமட்டும், சூடாகட்டும், அவர் வரட்டும். அவர் உள்ளே ஒவ்வொரு ஜன்னலாகக் கொண்டி போட்டுக்கொண்டிருப்பார். தனுஷ்கோடி வீட்டைப் பூட்டுவது ஒரு கோயிலைப் பூட்டுவது மாதிரி, அவசரப்படுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். இன்னும் மிளகு வாசம் அடித்தது. நேற்று புதன்கிழமை. புதனும் சனியும் அவருக்கு எண்ணெய்க் குளியல், மலை ஏறி வந்தும் விடாத பழக்கம். இந்தக் குளிரில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிற ஒரே ஆண்பிள்ளை என்று மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் உண்டு, இரும்புக்கடை அண்ணாச்சிக்கு உடம்பும் இரும்பு என்பார்கள். சளி பிடிக்காமலிருக்க மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். நேற்றும் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் கனி" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. சோற்றை வேண்டாம் என்றிருக்கிறார், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தீபாவளியையே வேண்டாம் என்றிருக்கிறார், எண்ணெயை இல்லை. சூடான கிண்ணத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தவளுக்குத்தான் கார் கண்ணில் பட்டது. தலைக்கு வைக்கிற மாதிரிதான் அதற்கும் வைத்தாள், உள்ளங்கையில் ஊற்றி, நெற்றி மேட்டிலிருந்து கீழாக, அழுத்தி அழுத்தி. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று பிறந்த வீட்டில் நாளைக்கு ஒரு தரமாவது யாராவது சொல்வார்கள், வியாபாரத்துக்கும் நல்லது அல்லவா. வாணியனுக்கு இத்தனை வருஷம் கொடுத்தாயிற்று, வஞ்சனையில்லாமல், டின் டின்னாக. அப்புறமும் வைத்தியன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறதே, இது என்ன நியாயம்? நிற்கட்டும், அந்த நினைப்பு இப்போது வேண்டாம். ஆனால் வேண்டாம் என்றால் போகிற நினைப்பா அது. டாக்டர் நல்ல மனுஷர், சின்ன வயது, குரலைக்கூட உயர்த்தவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை எழுதியிருக்கிறேன் என்றார். அந்த ஒரு சொல் அவள் மண்டைக்குள் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டது. உறையாமல். எண்ணெய் உறையும், பனி உறையும், பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் உறையும். நடமாடிக்கொண்டிருக்கிற மனுஷனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ரத்தம் எப்படி உறையும்? அப்படியே இருக்கிற இடத்திலேயே, சத்தம் போடாமல், ராத்திரி பனி இறங்குகிற மாதிரியா? அடுத்த சொல் இன்னும் மோசம். அடைப்பு. இரண்டு மூன்று இடத்தில் அடைப்பு இருக்கும் போலத் தெரிகிறது, கோயம்புத்தூர் போய் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள், வண்டி மட்டும் நீங்கள் ஓட்டக் கூடாது. அவர் கடையில் தினம் யாராவது வந்து கேட்கிற சொல். அண்ணாச்சி, சிங்க்கில் அடைப்பு, என்ன போடலாம்? அவரும் ஸ்பிரிங் கம்பியை உருவிக் காட்டி, இதை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றுங்க என்பார். ஆஸ்பத்திரி வாசலில் அவரே சொன்னார், "நம்ம கடையில இல்லாத சாமானா கனி, ஒரு ஸ்பிரிங்கை விட்டு இழுத்தாப் போச்சு" என்று. அவள் சிரித்தாள். சொன்னவர் சிரிக்கவில்லை.

என்ஜின் சத்தம் இப்போது நிதானத்துக்கு வந்திருந்தது. நல்ல வண்டி. ஓட்டுகிறவளும் நல்ல ஓட்டுக்காரிதான், அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு, முதல் தரமே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். கோத்தகிரிக்குப் பெயிண்ட் டின் போக வேண்டுமா, ஜெயக்கனி. குன்னூரிலிருந்து பைப் எடுத்து வர வேண்டுமா, ஜெயக்கனி. மழையில் போயிருக்கிறாள், கை நீட்டினால் கை தெரியாத மூடுபனியில் போயிருக்கிறாள், எதிரே காட்டெருமை வந்து நின்றபோது விளக்கை அணைத்துவிட்டு அது போகிறவரை ஊறுகாய் போடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் பாதிப் பேர் அவள் காரில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஏறாத ஒரே ஆள் தனுஷ்கோடி. கார் அவருடையது, அவர் ஓட்டினால் அவள் பக்கத்தில் உட்காரலாம், அவள் ஓட்டினால் அவர் உட்கார மாட்டார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பார், மார்க்கெட்டுக்குப் போகிற பஸ் காலியாகத்தானே வருகிறது என்பார். சிமெண்ட் மூட்டையை ஏற்றி அனுப்புவார், கதவைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டுவார், தான் மட்டும் ஏற மாட்டார். சிமெண்ட் மூட்டைக்கு இருக்கிற தைரியம் அவருக்கு இல்லை என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. மூட்டைக்கு வீட்டில் பெண்டாட்டி இல்லை பார் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை, விளங்காததால் மறக்கவும் முடியவில்லை. நேற்று ராத்திரியும் பெலிக்ஸைக் கூப்பிட்டுக்கலாமே என்றார். பெங்களூரிலிருந்து மகனும் போனில் அதையே பாடினான், அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. முடியாது என்று சொல்லிவிட்டாள். உங்களை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன். கூட்டிக்கொண்டு வருவேன் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அதை அவர் கவனித்தாரா? கவனித்திருப்பார். ஆணி எடையில் அரைக் கிராம் குறைந்தால் கவனிக்கிறவர்.

பெலிக்ஸ் வீட்டுக் கதவு திறந்தது. காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காய்ச் சிரட்டையோடு வந்தவன் தன் டாக்ஸியைப் பார்த்தான், அவள் காரைப் பார்த்தான், மறுபடியும் தன் டாக்ஸியைப் பார்த்தான்.

"என்னக்கா, உங்க வண்டியில மட்டும் பனியே இல்ல?"

"அதுக்கெல்லாம் கை வேணும் பெலிக்ஸ்."

"அண்ணனைக் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போறீங்களாமே. நான் வேணா வரவா? சும்மா வரேன்க்கா. சுரண்டிட்டா கெளம்பிடலாம்."

"நீ சுரண்டி முடிக்கிறதுக்குள்ள நாங்க மேட்டுப்பாளையத்துல இட்லி சாப்பிட்டுட்டு இருப்போம்" என்றாள் ஜெயக்கனி. அவன் சிரித்துக்கொண்டே சிரட்டையால் கம்பளியைத் தட்ட ஆரம்பித்தான். நல்ல பையன், சும்மா வரேன் என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்.

தனுஷ்கோடி வந்துவிட்டார். கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட்டு, கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த துணிப்பை. பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், இன்னொரு தரம் தொங்கிப் பார்த்தார். பிறகு காருக்கு முன்னால் வந்து நின்றார். முன்கதவா, பின்கதவா? பின்னால் உட்கார்ந்தால் அவள் வெறும் டிரைவர், அதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள், ஏறினால் போதும். அவர் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், வண்டி இன்னும் ஒரு சாண்கூட நகரவில்லை. ஜெயக்கனிக்கு நெஞ்சு விரிந்தது. இதுதான் சமயம் என்று அவர் பார்க்கவேண்டுமென்றே விளக்கைப் போட்டு, வைப்பரையும் தட்டிவிட்டாள், ஓரத்துப் பொடியையும் தள்ளிவிட்டால் கண்ணாடி பளிங்காகிவிடும் என்று. வைப்பர் ஒரு தரம் போய்விட்டு வந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி ஆயிற்று. இன்னொரு தரம் போய்விட்டு வந்தது, ஆடை இன்னும் கெட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தானா பால் வண்டி எதிரே வர வேண்டும், அதன் வெளிச்சம் எண்ணெயில் பட்டுக் கண்ணாடி பூராவும் ஒரே ஜோதியாகி, தெருவும் இல்லை, பெலிக்ஸும் இல்லை, உலகமே இல்லை. வைப்பரை நிறுத்தினாள். எண்ணெய் உறையவில்லை, அது உண்மை. ஆனால் எண்ணெய் வழியாக ரோடு தெரியுமா என்று யார் யோசித்தது? தலையில் வைத்த எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை, தலை வழியாக யாரும் பார்ப்பதில்லை. அவர் மூக்கை உறிஞ்சினார். "மிளகு வாசம் வருது" என்றார். "கனி, கண்ணாடிக்கு என்ன பண்ணின?" சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னாள், கிண்ணத்தில் மிஞ்சியது, அது உறையாது, அதனால்தான் என்று சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பத்தடி தள்ளி பெலிக்ஸ் தன் கண்ணாடியில் ஒரு ஜன்னல் அகலத்துக்குச் சுரண்டி முடித்திருந்தான். இனி என்ன, அவர் இறங்குவார், பெலிக்ஸைக் கூப்பிடுவார், பிறகு ஆயுசுக்கும் இந்த வண்டியில் ஏறமாட்டார். ஆயுசு என்று நினைத்ததும் உடனே அந்தச் சொல்லைத் துப்பிவிட வேண்டும் போலிருந்தது. அவர் கைப்பிடியை விட்டார். கதவைத் திறந்தார். இறங்கினார். ஜெயக்கனி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழுகை வந்தது, அதையும் அடக்கினாள், மலைப்பாதையில் ஓட்டப்போகிறவளுக்கு அழுகை ஆகாது.

அவர் பெலிக்ஸ் பக்கம் போகவில்லை. பூட்டை மறுபடியும் திறந்துகொண்டு வீட்டுக்குள் போனார். எதற்குப் போகிறார் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கையில் காலையில் குளிக்கப் போட்டதில் மிஞ்சிய வெதுவெதுப்பான தண்ணீர் வாளியும் இன்னொரு கையில் சீயக்காய் டப்பாவுமாக வந்து நின்றார். "எண்ணெய் தேச்சு விட்டவ சீயக்காயும் போட்டு விடணும்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டரைப் பார்த்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள், பல் தெரிய, கோட்டுக் காலருக்குள் தலை ஆட, பெலிக்ஸும் எட்டிப் பார்த்துவிட்டு என்னவென்று தெரியாமலே சிரித்தான். அவள் பாய்ந்து இறங்கினாள். "நீங்க தண்ணியைத் தொடாதீங்க, குளுர்ல நிக்காதீங்க, உள்ள ஏறுங்க." அவர் கேட்டால்தானே. முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு, துணியில் சீயக்காயைத் தொட்டுக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், கடையில் பெயிண்ட் கொட்டினால் துடைக்கிற அதே வட்டம், உள்ளிருந்து வெளியாக. வாளியைப் பிடுங்கினாள், அவர் துணியை விடவில்லை. சரி என்று பழைய பேப்பரைக் கசக்கிப் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனாள். அவர் தேய்க்க இவள் துடைக்க, பழுப்பு நுரை பானெட்டில் வழிந்தது, தெரு பூராவும் எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டு வாசம். கண் மட்டும் அவர் மூச்சிலேயே இருந்தது. புகை வருகிறது, நிற்கிறது, வருகிறது. அது சீராகத்தான் வருகிறதா? இவள் மூச்சும் அப்படித்தானே வருகிறது. ஒருதரம் அவர் கையை நிறுத்திக் காரின் மேல் சாய்ந்து நின்றார், கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார், "என்னங்க" என்றாள், "ஒண்ணுமில்ல, கை விறைக்குது" என்றார். அவ்வளவு குளிர், விறைக்காதா பின்னே. இந்த மனுஷன் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை, இப்போதும் யோசிக்க மாட்டாள், ஆனால் அந்தக் கை, நகத்துக்குள் ஏறிய கிரீஸ் போகாத அந்தக் கை, கண்ணாடியின் அந்தக் கோடியில் வட்டம் வட்டமாகப் போய் வருவதைப் பார்க்கப் பார்க்க அவர்மேல் அவளுக்கு இருந்த ஆசை அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. இருக்கிறது, அவ்வளவு இருக்கிறது, யாரிடம் சொல்ல. "போதும், பளிச்சுன்னு ஆயிட்டு" என்றாள் அதட்டலாக. அவர் துணியை வாளியில் போட்டுவிட்டு, தானே கதவைத் திறந்து, அதே முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி கிளம்பியது. ஊரைத் தாண்டியதும் கிழக்கே வெளுத்து, கேத்திப் பள்ளத்தாக்கில் பனி உடைந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. கேரட் தோட்டங்களில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கண்ணாடி துளி மாசில்லாமல் இருந்தது, ரோட்டில் கிடக்கிற சருகுகூடத் தெரிந்தது. முட்டைக்கூடையை ஏற்றிக்கொண்டு போகிறவள் மாதிரி ஓட்டினாள். பள்ளத்தைக் கண்டால் பிரேக், வளைவைக் கண்டால் ஹாரன், இறக்கத்தில் இரண்டாவது கியர், ஒரு குலுக்கல் இருக்கக் கூடாது, அவர் ஒரு குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. குறை கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது, பிடிக்க முடிந்தால் விடுகிறவரா. ஆஞ்சியோ எடுக்கட்டும், அடைப்பு இருந்தால் எடுக்கட்டும், எத்தனையோ பேருக்கு எடுக்கிறார்கள், எடுத்த மறுவாரம் கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போதும் இதே ரோடுதான், இதே இருக்கைதான். அடுத்த புதன்கிழமை வேண்டாம், அதற்கடுத்த புதன்கிழமை எண்ணெய் காய்ச்சலாம்.

"கனி."

"என்னங்க."

"கொஞ்சம் வேகமாவே போ."

ஜெயக்கனிக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. ஏறவே பயந்த மனுஷன் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது. இதை பெலிக்ஸ் கேட்டிருக்க வேண்டும், மகன் கேட்டிருக்க வேண்டும், தெருவே கேட்டிருக்க வேண்டும். காலை ஆக்சிலேட்டரில் கொஞ்சம் அழுத்தினாள், வண்டி உற்சாகமாக ஒரு வளைவைத் தாண்டியது, அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது. கண்ணை ஒரு நொடி மட்டும் திருப்பினாள். கைப்பிடியில் அவர் கை இல்லை. நெஞ்சுக்கு நடுவில், கோட்டுக்கு மேல், எதையோ கீழே விழாமல் பிடித்திருப்பதுபோல இருந்தது. அந்தக் குளிரில் நெற்றியில் வேர்வை.

"வலிக்குதா?"

"லேசா."

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கோயம்புத்தூர் அப்புறம். குன்னூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, வழியிலேயே இருக்கிறது, வாசல்வரை வண்டி போகும், பைப் ஏற்ற வந்து வந்து அந்தத் தெருவில் ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குப் பாடம். யார் இவரைக் குளிரில் நிற்க வைத்தது, யாருடைய எண்ணெய், அதையெல்லாம் நினைத்து அழுவதற்கு ஒரு நேரம் வரும், இப்போது இல்லை. கியரை மாற்றினாள்.

"குன்னூர்ல நிப்பாட்டிடுறேன். டாக்டர் குடுத்தாருல்ல, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லி, அந்த மாத்திரையை எடுத்து வைங்க."

"வீட்டு வாசல்லயே ஒண்ணு வச்சிட்டேன்."

வாசலில். காரில் சாய்ந்து நின்று கைக்குட்டையை எடுத்தபோது. அப்போதே வலி இருந்திருக்கிறது. பெலிக்ஸ் பத்தடியில் நின்றான், அவன் கண்ணாடியும் பாதி தெளிந்திருந்தது, ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பான். கொடுக்கவில்லை. வலியோடு நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஜெயக்கனிக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"நீ ரோட்டைப் பாரு" என்றார் அவர்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். முன்னால் ஒரு கேரட் லாரி முக்கி முனகி இறங்கிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் அதைத் தாண்டினாள்.